ஒரு பாதை, இரண்டு செயலிகள்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியபோது காரைக்கால் பட்டினச்சேரிக்கு எந்த முன்னறிவிப்பும் கிடைக்கவில்லை. இந்தியப் பெருங்கடலில் ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பே அப்போது கிடையாது. 2007 அக்டோபரில்தான் ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனத்தில் எச்சரிக்கை மையம் தொடங்கியது. அதற்குத் தகவல் தரும் கடல் கருவிகளில் ஒன்று ஆழ்கடல் மிதவை. கடலடியில் இருக்கும் கருவி நீரின் அழுத்தத்தை அளந்து ஒலியலையில் மேலே சொல்லும். மேலே மிதப்பது அதைச் செயற்கைக்கோள் வழியே கரைக்கு அனுப்பும். அளப்பதற்கு ஒரு செயலி, பேசுவதற்கு வேறொன்று. இரண்டுக்கும் நடுவே செய்தி மட்டுமே போய்வருகிறது.

இதே பிரிவினையைக் கடலோரக் கருவி ஒன்றின் சின்னப் பெட்டிக்குள் செய்ய நினைத்தால் சிக்கல் தொடங்குகிறது.

கப்பல், ரயில், ஆய்வுக் கருவி போன்ற இடங்களில் பிசி/104 என்ற அடுக்குக் கணினி பிரபலம். 1992இல் தரப்படுத்தப்பட்டது. ஒவ்வொரு பலகையும் 90க்கு 96 மில்லிமீட்டர், உள்ளங்கை அளவுதான். தாய்ப்பலகை இல்லை. பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகி நான்கு மூலையிலும் திருகிவிட்டால், 104 ஊசிகள் அடியிலிருந்து உச்சிவரை எல்லாப் பலகைகளையும் இணைத்துவிடும். அதிர்வைத் தாங்குவதில் இதற்கு இணை குறைவு.

ஆனால் அந்த ஊசிகளில் ஓடுவது பழைய ஐபிஎம் கணினியின் ஐஎஸ்ஏ பாட்டை, அதாவது எல்லாப் பலகைகளும் பகிரும் தரவுப் பாதை. அது ஒரே ஒரு தலைமைச் செயலியை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. இரண்டாவது செயலிப் பலகையை அப்படியே செருகினால், ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு ரயில் விட்ட கதைதான். ஒரே கம்பியை ஒன்று 5 வோல்ட்டுக்கு இழுக்கும், மற்றொன்று பூச்சியத்துக்கு இழுக்கும். தரவு சிதையும், சில்லும் கருகலாம்.

பல செயலிகள் சேர்ந்தே உழைக்க வேண்டிய வேலைகளும் உண்டு. பெங்களூரு தேசிய வானூர்தி ஆய்வகத்தில் 1986இல் உருவான ஃப்ளோசால்வர் என்ற இணைக்கணினி, நான்கு இன்டெல் 8086 செயலிகளுக்குக் கணக்குத் துணையாக 8087ஐச் சேர்த்துக் கட்டப்பட்டது. பாயும் காற்றின் சமன்பாடுகளைத் துண்டு போட்டுக் கணக்கிடும்போது, ஒரு துண்டின் ஓர மதிப்பு பக்கத்துத் துண்டுக்குத் தேவை. ஓயாத பரிமாற்றம் அங்கே தவிர்க்க முடியாதது. அதன் பின்வந்த வடிவங்கள் வானிலைக் கணிப்புக்கும் உழைத்தன.

கடலோரக் கருவிக்கு அந்த நெருக்கம் தேவையில்லை. கூடவே கூடாது என்பேன். பாட்டையை ஒரு பலகைக்கே விட்டுவிட வேண்டும். இரண்டாவது பலகை அடுக்கிலிருந்து மின்சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற ஊசிகளைத் தொடாமல், சீரியல் கம்பி வழியே பேசட்டும். விநாடிக்கு 9600 பிட் என்றாலும் ஏறத்தாழ 960 எழுத்துகள் போகும். ஓர் அழுத்த அளவுக்குச் சில எழுத்துகளே போதும். பெரிய லாபம் வேறு. பொதுப் பாட்டையைப் பிடித்தபடி ஒரு பலகை உறைந்தால் மற்றதும் நின்றுவிடும். தனித்தனியாக இருந்தால், "உயிரோடிருக்கிறேன்" என்ற துடிப்பு வராததைக் கண்ட பலகை, உறைந்ததை மறுதொடக்கம் செய்துவிடும். புயல் இரவில் கருவியருகே போய்ப் பொத்தானை அழுத்த ஆள் இருக்காது.

மீதியிருப்பது வெப்பம். பட்டினச்சேரி போன்ற உப்புக்காற்றுக் கரையில் பெட்டியில் துளையிட்டு விசிறி வைத்தால் உப்பு உள்ளே புகுந்து ஊசிகளை அரித்துவிடும். பெட்டியை இறுக மூடத்தான் வேண்டும். எனவே இரண்டு செயலிப் பலகைகளையும் அடுத்தடுத்து வைக்காமல், ஒன்றை உச்சியிலும் மற்றதை அடியிலும் வைத்து, உலோகத் தகடுகள் வழியே வெப்பத்தைப் பெட்டிச் சுவருக்குக் கடத்துவது நல்லது.