பத்திரம் ஒருவரிடம், நிலம் இன்னொருவருக்கு

சைப்ரஸ் தீவின் வடகரையில், மலைக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவே இருக்கிறது லாபிதோஸ். துருக்கியர் அந்த ஊரை லாப்தா என்பார்கள். 2002-ல் ஒரு பிரிட்டிஷ் தம்பதி அங்கே மனை வாங்கினர், வில்லா கட்டினர், நீச்சல் குளமும் அமைத்தனர். விற்றவரிடம் முத்திரையிட்ட பத்திரம் இருந்தது. இரண்டு வருடம் ஒரு தொல்லையும் இல்லை. 2004 அக்டோபரில் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது ஒரு நீதிமன்ற அழைப்பாணை, கிரேக்க மொழியில். அதைப் படித்துப் புரிந்துகொண்டு வக்கீல் பிடிப்பதற்குள் கெடு முடிந்துவிட்டது. நவம்பர் 9 அன்று நிக்கோசியா மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது: வில்லாவை இடிக்க வேண்டும், குளத்தையும் சுற்றுவேலியையும் அகற்ற வேண்டும், நிலத்தை உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும், அனுபவித்த காலத்துக்குப் பணமும் கட்ட வேண்டும்.

உரியவர் மெலெட்டிஸ் அப்போஸ்டொலிடிஸ் என்ற கிரேக்க சைப்ரியட். 1974 ஜூலையில் துருக்கிப் படை தீவில் இறங்கியபோது வீடு வாசலை விட்டு ஓடிய குடும்பம் அவருடையது. அந்த ஆண்டு வடக்கிலிருந்து தெற்கே ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான கிரேக்க சைப்ரியட்கள் பெயர்ந்தனர். தெற்கிலிருந்து பல்லாயிரம் துருக்கிய சைப்ரியட்கள் வடக்கே போனார்கள். இரு தரப்பும் பின்னால் விட்டுச் சென்றது சொந்த நிலத்தை. 1983-ல் வடக்கு தன்னைத் தனிக் குடியரசாக அறிவித்துக்கொண்டது. துருக்கியைத் தவிர எந்த நாடும் அதை ஏற்கவில்லை. அந்த அறிவிப்பே சட்டப்படி செல்லாது என்று ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் அதே ஆண்டு தன் 541-ஆம் தீர்மானத்தில் கூறியது.

வில்லங்கம் தொடங்குவது இங்கேதான். தெற்கே சொத்தை இழந்துவந்த துருக்கிய சைப்ரியட்களுக்கு, ஓடிப்போன கிரேக்கர்களின் நிலத்தை வட நிர்வாகம் ஈடாகக் கொடுத்தது. துருக்கியிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் ஒதுக்கியது. அவர்கள் விற்றார்கள், கட்டுநர்கள் வாங்கினார்கள், வெளிநாட்டவர் கைக்கு வந்தது. அங்குள்ள பதிவகத்தைப் பொறுத்தவரை ஒவ்வொரு கைமாற்றமும் ஒழுங்கானதுதான். மூலப்பத்திரத்தைத் தேடிப் போனால் 1974-ல் நிற்பவர் வேறொருவர். அவர் விற்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை.

அந்த உரிமை அழியவில்லை என்பதை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1996-லேயே உறுதிசெய்துவிட்டது. கிரீனியாவில் நிலம் வைத்திருந்த டிட்டினா லொய்சிடு துருக்கிக்கு எதிராகத் தொடுத்த வழக்கு அது. நிலத்துக்குள் கால்வைக்க விடாமல் தடுத்தாலும் சட்டப்படி உரிமையாளர் அவரே என்றது தீர்ப்பு. இழப்பீட்டைத் துருக்கி 2003-ல் கட்டியது. அதே 2003 ஏப்ரலில் தீவைப் பிரிக்கும் கோட்டில் கடவைகள் திறந்தன. இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு மக்கள் தங்கள் வீடுகளைப் பார்க்கப் போனார்கள். எந்த மனையில் யார் கட்டியிருக்கிறார்கள் என்பது தெரியவந்தது.

இனி லாபிதோஸ் வழக்குக்கு வருவோம். வடக்கில் சைப்ரஸ் அரசின் அதிகாரம் செல்லாது. நிக்கோசியா நீதிபதி எழுதியதை அங்கே நிறைவேற்ற ஆளில்லை. ஆனால் 2004 மே 1 அன்று சைப்ரஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்திருந்தது. ஓர் உறுப்பு நாட்டின் சிவில் தீர்ப்பை இன்னொரு நாடும் அமல்படுத்த வேண்டும் என்பது ஒன்றிய விதி. அப்போது பிரிட்டனும் உறுப்பு நாடு. தீர்ப்பு லண்டனுக்குப் போனது. 2006-ல் உயர் நீதிமன்றத்தில் தம்பதிக்கே வெற்றி. மேல்முறையீட்டு நீதிமன்றம் லக்ஸம்பர்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்திடம் விளக்கம் கேட்டது. 2009 ஏப்ரல் 28 அன்று பதில் வந்தது: நிலம் அரசின் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டாலும் தீர்ப்பு செல்லும். 2010 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அப்படியே முடித்தது. வில்லாவை யாராலும் இடிக்க முடியாமல் போகலாம். ஆனால் இங்கிலாந்தில் அவர்களுக்கு இருந்த சொந்தச் சொத்தின் மீது தீர்ப்பு கட்டச் சொன்ன பணம் கடனாக ஏறும். குறைந்த விலைக்குக் கடலோரம் கிடைத்த வீட்டுக்காக, ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் இருக்கும் சொந்த வீட்டை ஒருவர் பணயம் வைத்ததாகிவிடுகிறது. விற்பனை விளம்பரங்கள் இதைச் சொல்வதே இல்லை.

2010 மார்ச்சில் வந்த டெமோபூலோஸ் முடிவைச் சிலர் ஆறுதலாகப் பிடித்துக்கொள்கிறார்கள். வடக்கில் இயங்கும் அசையாச் சொத்து ஆணையத்தை உரிய தீர்வு வழியாக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதில் ஏற்றது உண்மை. இடம்பெயர்ந்தவர் முதலில் அங்கே விண்ணப்பிக்க வேண்டும். நிலமோ, பணமோ, மாற்று நிலமோ கேட்கலாம். ஆனால் வாங்கியவரின் பத்திரத்துக்கு அந்த முடிவு எந்தக் காப்பும் தரவில்லை. 'தீர்ப்பு நமக்குச் சாதகம்' என்று முகவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

சிவில் கடனோடு முடிந்துவிடாத இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. பிறர் சொத்தை அவர் சம்மதமின்றி விற்பது, வாங்குவது, வாடகைக்கு விடுவது, விளம்பரப்படுத்துவது அனைத்தையும் சைப்ரஸ் 2006-ல் குற்றமாக்கியது; ஏழாண்டு வரை சிறை. நீண்ட காலம் இது பெரிதாகப் பயன்படவில்லை. இப்போது நிலைமை மாறிவிட்டது. 2024 ஜூனில் வடக்கில் பெரிய குடியிருப்புகள் கட்டிய ஒரு தொழிலதிபர் கடவையைத் தாண்டித் தெற்கே வரும்போது கைதானார். அடுத்த ஆண்டு அவருக்குச் சிறைத் தண்டனை. அதே 2025-ல் மனை விற்பனையை விளம்பரப்படுத்திய இரு ஹங்கேரியப் பெண்களும் சிறைக்குப் போனார்கள்.

1974-க்கு முன்பே துருக்கிய சைப்ரியட் பெயரில் இருந்த நிலத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதனால்தான் அதன் விலை கூடுதல். ஒரே தெருவில் இரண்டு மனைக்கு இரண்டு விலை சொல்கிறார்கள். அந்த நிலத்திலும் கவனிக்க வேண்டியவை உண்டு. வெளிநாட்டவர் வாங்க வட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அது வரும்வரை கையில் இருப்பது ஒப்பந்தம் மட்டும். அந்த இடைவெளியில் கட்டுநர் நிலத்தை வங்கியில் அடமானம் வைத்து, கடனைக் கட்டாமல் போனதால், முழுப் பணமும் செலுத்திய குடும்பங்கள் ஏலத்தின் விளிம்பில் நின்றிருக்கின்றன. பணம் கைமாறும் முன்பே 1974-க்கு முந்தைய உரிமையாளர் யார், நிலத்தின் மேல் இன்று என்ன கடன் இருக்கிறது என்ற இரண்டையும் விற்பவரோடு தொடர்பில்லாத வக்கீல் ஒருவர் எழுத்தில் தர வேண்டும்.