எவ்வளவு எடை, எங்கே எடை

ஒட்டன்சத்திரம் சந்தையில் லாரிக்குக் காய்கறி மூட்டை ஏற்றுபவர்கள் மொத்தப் பாரத்தை மட்டும் பார்ப்பதில்லை. மூட்டைகள் பின்பக்கமே குவிந்தால் முன்சக்கரம் தரையில் அழுந்தாது, ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. வீட்டில் விமானம் கட்டுபவர்களுக்கு இந்த அறிவு உயிர் காப்பது. தொடுபுழையின் சஜி தாமஸ் தன் கையாலேயே இலகு விமானம் கட்டினார். மும்பையின் அமோல் யாதவ் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானத்தைக் கட்டி, 2016-இல் ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் வைத்தார். இத்தகைய விமானங்களைப் பார்க்கும் பலரும் என்ஜினின் வலிமையைத்தான் கேட்கிறார்கள். பாரம் எங்கே இருக்கிறது என்பதே அதற்கும் முந்திய கேள்வி.

அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். விமானத்தைப் பறக்கும் நிலையில் மட்டமாக நிறுத்தி, மூன்று சக்கரங்களுக்கும் அடியில் தராசு வைக்க வேண்டும். ஒவ்வொரு தராசும் காட்டும் எடையை, மூக்கு நுனியிலிருந்து அந்தச் சக்கரம் உள்ள தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன் கிடைக்கும். அவற்றின் கூட்டுத்தொகையை மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம் எங்கே என்று தெரிந்துவிடும். மூக்குச் சக்கரத்தில் 0.5 மீட்டர் தூரத்தில் 80 கிலோ, முதன்மைச் சக்கரங்கள் இரண்டிலும் சேர்த்து 2 மீட்டர் தூரத்தில் 270 கிலோ என்று கொள்வோம். 580-ஐ 350-ஆல் வகுத்தால் சுமார் 1.66 மீட்டர். அதே விமானத்தில் 3 மீட்டர் தூரத்தில் 30 கிலோ பையை வைத்தால் மையம் 10 சென்டிமீட்டருக்கு மேல் பின்னால் போய்விடும். சிறிய விமானங்களில் அது நகரலாம் என்று அனுமதிக்கும் இடைவெளியே பெரும்பாலும் ஒரு சாண் அளவுதான்.

மையம் எல்லைக்கு முன்னால் போனால், தரையிறங்கும்போது மூக்கைத் தூக்க எலிவேட்டருக்கு, அதாவது வாலில் மேலும் கீழும் அசையும் பலகைக்கு, திறன் போதாது. பின்னால் போவது அதைவிட ஆபத்தானது: தானாக நேர்ப்படும் குணம் குறையும், வேகம் இழந்து சுழலத் தொடங்கினால் மீட்க முடியாமலே போகலாம். ‘ட்ரிம் வைத்துச் சரிசெய்யலாமே’ என்பார்கள். கட்டுப்பாட்டுக் கோலை ஒரு நிலையில் நிறுத்தி வைக்க உதவும் அமைப்பான ட்ரிம் விமானியின் கைப்பளுவைத்தான் குறைக்கும், இழந்த நிலைத்தன்மையைத் திருப்பித் தராது. ‘வரைபடத்திலேயே கணக்கு இருக்கிறதே’ என்றும் கேட்கலாம். வாலில் அடித்த பெயின்ட், மாற்றிய பேட்டரி, கூடுதல் இருக்கை மெத்தை எதுவும் வரைபடத்தில் இல்லை. மூக்கில் ஈயக்கட்டி வைத்தால் பின்னால் போன மையம் சரியாகும். ஆனால் அந்த அளவுக்குப் பயணியோ எரிபொருளோ குறையும். பறக்கும்போது எரிபொருள் தீரத் தீர மையமும் நகரும் என்பதால், தரையிறங்கும் நேரத்துக்கும் கணக்குப் போட வேண்டும். எனவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் மறுபடி எடை போடுவது வெறும் சடங்கல்ல. தராசில் ஏறாத விமானம் கட்டி முடிந்த விமானமே அல்ல.