ஓட்டப் பந்தயமும் ஊக்கமருந்தும்

தருமபுரி மாவட்டத்திற் கேழ்வரகுக் களியுண்டு வளர்ந்த எம்மையொத்த மாணவர்க்கு, ஊக்கமருந்து பிறநாட்டார் செய்தியாகவே தோன்றிவந்தது. நம் தமிழ்நாட்டிலேயே, திருச்சிராப்பள்ளியை அடுத்த முடிகண்டம் என்னுஞ் சிற்றூரினரான கோமதி மாரிமுத்துவுக்கு நேர்ந்தது எம்மை விழிப்பித்தது. 2019 ஏப்ரலில் தோகா நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில், 800 மீட்டர் ஓட்டத்தை 2 நிமிடம் 2.70 விநாடியில் முடித்து அவர் பொற்பதக்கம் பெற்றனர். அன்று மகிழாத தமிழர் இலர். பின்னர் அவர்தஞ் சிறுநீரில் நாண்ட்ரோலோன் என்னும் மருந்தின் சுவடு காணப்பட்டது. நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது, பதக்கமும் பறிபோயிற்று.

ஆண்மைச் சுரப்புநீரை ஒத்ததாகச் செயற்கையில் ஆக்கப்பட்ட அம்மருந்து, தசையைப் பெருக்குவது. உடலினுள் அது சிதைந்து வேறொரு பொருளாய் வெளிப்படும். ஆய்வாளர் தேடுவது அச்சிதைபொருளையே.

தாம் அறிந்து எம்மருந்தும் உண்டதில்லை என்றே கோமதி கூறினர். ஆயினும் போட்டி விதி முதலில் வினவுவது உள்ளக் கருத்தையன்று. உடலிற் பொருள் உளதா என்பதையே. அஃது எவ்வழிப் புகுந்ததெனக் காட்டும் பொறுப்பும் ஓடியவர்மேலதே. இங்கேதான் எமக்கு அச்சம். எம் பக்கத்து உடற்பயிற்சிக்கூடங்களிற் பெயர்ச்சீட்டில்லாத புரதப்பொடியை மூத்தோர் கொடுக்க, இளையோர் வாங்கி உண்ணுதலை யாம் கண்டுளோம். அதனுள் யாதுளது என்று கேட்பதே மரியாதைக் குறைவெனக் கருதும் பிள்ளைகள் அவர்கள்.