பலகை விலையும் கூறு விலையும்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் கோடை வந்துவிட்டதா என்று யாரும் காலண்டரைப் பார்ப்பதில்லை. மே 4ஆம் தேதி கத்திரி தொடங்குவதற்கு வெகு முன்பே, பங்குனியிலேயே கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அந்த வெயிலில்தான் நுங்கு கட்டும், பலா பழுக்கும், முந்திரிக் காடு மணக்கும், வெள்ளரிப் பிஞ்சு சந்தைக்கு வரும். இந்தக் கோடை விளைச்சலை விற்கிற விதமும் வாங்குகிற விதமும் ஒரு தலைமுறைக்குள் தலைகீழாக மாறிவிட்டன. எல்லோருக்கும் ஒரே மாதிரி மாறவில்லை என்பதுதான் கதை.

அன்று

பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்துக்குள் இருந்த காலம் அது. பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமானது. அரியலூர் அதிலிருந்து 2001இல் பிரிந்து, மறு ஆண்டே திரும்பச் சேர்ந்து, 2007இல் மறுபடி பிரிந்தது. கோடைக் காய்கறி என்றால் அன்று கிணற்றில் தண்ணீர் நிற்கிற வீட்டுக்காரருக்குத்தான். மாடு பூட்டிக் கவலை ஓட்டி இறைத்தார்கள், பிறகு ஆயில் எஞ்சின் வந்தது. மற்றவர்கள் நிலம் கோடை உழவோடு காய்ந்து கிடக்கும். ஆகவே வாரச்சந்தைக்கு வந்தது கொஞ்சம் கத்திரி, வெண்டை, பரங்கி. மீதியெல்லாம் மரம் கொடுத்தது. முருங்கை, மாங்காய், பலா, புளி.

சாக்கை விரித்துக் கூறு கட்டுவார்கள். பளபளப்பான காய் முகப்பில் நிற்கும், சொத்தை அடியில் பதுங்கும். வாங்க வந்தவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கூறைக் கலைத்துப் பார்ப்பார். விற்பவர், “கலைக்காதீங்க, எடுத்தா முழுசா எடுங்க” என்பார். 1962 முதல் கிலோதான் சட்டப்படி எடை என்றாலும் கூறும் படியும் சந்தையை விட்டுப் போகவில்லை. காலையில் ஒரு விலை, வெயில் ஏறினால் ஒரு விலை, பொழுது சாயும்போது வந்த விலை. திருப்பித் தூக்கிக்கொண்டு போக வண்டிச்சத்தம் யார் கொடுப்பது?

பெரிய விளைச்சலுக்கு வேறு பாதை. செட்டிகுளம், நாட்டார்மங்கலம் பக்கம் சின்ன வெங்காயம்தான் வீட்டுச் செலவையும் கல்யாணச் செலவையும் பார்த்துக்கொண்டது. தை, மாசியில் வெட்டி, பட்டறை போட்டு வைப்பார்கள். தரையில் படாமல் கல்லோ கட்டையோ கொடுத்துத் தளம் உயர்த்தி, இரு பக்கமும் படல் கட்டி, மேலே கீற்று வேய்ந்த ஒடுக்கமான நீளக் கூடு அது. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வேண்டும். போகாவிட்டால் மொத்தமும் அழுகல். விலை ஏறும்வரை பட்டறையில் காத்த வெங்காயம் லாரி ஏறித் திருச்சி காந்தி மார்க்கெட் மண்டிக்குப் போகும். கமிஷன், ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, கழிவு எல்லாம் பிடித்துக்கொண்டு ஒரு சீட்டு வரும். அதைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் விளைவித்தவருக்குத் தன் சரக்கின் விலை தெரியும்.

விலை பேசாமல் கொடுத்த இடம் ஒன்று உண்டு. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சி கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்கு விளைந்ததில் ஒரு பங்கைக் கொண்டுபோய்க் கொட்டுகிற வழக்கம் இன்றும் விடவில்லை. ராமநவமியோடு தொடங்கும் திருவிழாவில் தானியத்தோடு வருகிற கூட்டத்தை இப்போதும் பார்க்கலாம்.

நடுவில் வந்த பலகை

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தையை முதல்வர் கருணாநிதி தொடங்கிவைத்தார். பஞ்சாபிலும் அரியானாவிலும் நடந்த ‘அப்னி மண்டி’யும், ஆந்திரத்தின் ‘ரைத்து பஜா’ரும் முன்மாதிரிகள். ஓராண்டில் நூறு சந்தைகள் ஆயின. பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஜெயங்கொண்டத்திலும் அவை வந்தன. 2001இல் ஆட்சி மாறியதும் பல சந்தைகள் கவனிப்பாரற்றுப் போய், 2006க்குப் பிறகு மீண்டும் உயிர் பெற்றன.

ஏற்பாடு எளிமையானது. வயலில் என்ன பயிர் நிற்கிறது என்று அதிகாரிகள் பார்த்து, படம் ஒட்டிய அடையாள அட்டை கொடுப்பார்கள். அட்டை இருந்தால் கடைக்கு வாடகை இல்லை, தராசு இலவசம், தரகர் இல்லை. மொத்த விலையைவிடக் கொஞ்சம் கூட்டி, சில்லறைக் கடை விலையைவிடக் கொஞ்சம் குறைத்து அன்றைய விலையை வாசல் பலகையில் எழுதுவார்கள். சீட்டில் ஒளிந்திருந்த விலை பலகைக்கு வந்ததுதான் இதில் பெரிய காரியம். விளைவித்தவர் தராசுக்குப் பின்னால் தானே நிற்கிறார். இத்தனை ரூபாய் என்று விற்கும்போதே அவருக்குத் தெரியும்.

இன்று

எசனை, அம்மாபாளையம், குரும்பலூர் எனப் பெரம்பலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் கோடை இப்போது காய்ந்து கிடக்கும் காலம் இல்லை. ஆழ்குழாய்க் கிணறும் இலவச மின்சாரமும் வந்தன. சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியத்தில் சொட்டுநீர்க் குழாய் கிடைக்கிறது. தர்பூசணி, பாத்தியில் விரித்த பிளாஸ்டிக் தாள் மேல் படர்கிறது. கிணறுகள் அதற்கு விலை கொடுத்தன. தண்ணீர் மட்டம் எத்தனை அடி என்ற பேச்சு எந்த டீக்கடையிலும் ஓயாது.

நேரில் விற்பதன் அருமை 2025 கோடையில் தெரிந்தது. தர்பூசணிக்கு ஊசி வழியாகச் சாயம் ஏற்றுகிறார்கள் என்று பேச்சு பரவி, தமிழகம் முழுக்க விலை சரிந்தது. அறுக்காமலே வயலில் விட்டவர்களும் உண்டு. யார் விளைவித்தது என்று தெரியாத பழத்தைப் பற்றி எதையும் நம்பவைக்கலாம். எதிரே நிற்பவரிடம் “ஏங்கண்ணா, இது உங்க காட்டுதா?” என்று கேட்க முடிந்த இடத்தில் அந்தப் பேச்சு அவ்வளவு எளிதில் எடுபடாது.

சித்திரையில் சந்தைக்கு வரும் பெண்கள் சின்ன வெங்காயத்தை எடுக்கும் விதத்தைக் கவனியுங்கள். அள்ளிக் காதருகே குலுக்குவார்கள். காய்ந்த தோல் சலசலத்தால்தான் பையில் போடுவார்கள். வடகத்துக்கு அதுதான் ஆகும். உரித்து ஒன்றிரண்டாக இடித்து, பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள் சேர்த்து, விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி உருட்டி மாடியில் வைப்பார்கள். சாயங்காலம் உடைத்துப் பிசைந்து, காலையில் மறுபடி உருட்டி வெயிலுக்கு. கத்திரி வெயில் ஏழெட்டு நாள் குடித்த உருண்டை ஒரு வருஷத்துக் குழம்பைத் தாளிக்கும். பட்டறை போட்ட ஊருக்குச் சேமிக்கச் சொல்லித்தரவா வேண்டும்!

இந்த மாற்றத்தில் இழந்தது பருவம். மாம்பழம் தைக்குள்ளேயே கடையில் தலைகாட்டுகிறது. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைக்கத் தடை. எத்திலின் வாயுவுக்கு அளவோடு அனுமதி. செந்தூரா, பங்கனப்பள்ளி, கடைசியாக நீலம் என்று வரிசையாக வரும் பழத்துக்குக் காத்திருந்த நாக்கு, எப்போதும் கிடைப்பதால் எதற்கும் காத்திருப்பதில்லை.

மதிலுக்கு வெளியே

எந்த உழவர் சந்தைக்குப் போனாலும் வாசலுக்கு வெளியே இன்னொரு சந்தை இருக்கும். பனங்குலையைக் கவிழ்த்துப்போட்டு அரிவாளோடு ஒருவர். கொடுக்காப்புளியைப் பழைய புடவையில் குவித்து ஓர் ஆயா. வெள்ளரிப் பிஞ்சை முறத்தில் அடுக்கி மற்றொருத்தி. இங்கே பலகை இல்லை, கூறுதான், வாய்விலைதான். “ஆயா, எளசாப் பாத்துக் குடுங்க” என்றால், “எல்லாம் எளசுதான் சாமி” என்று ஒன்றைக் கூடவே போடுவார்.

இவர்கள் ஏன் உள்ளே இல்லை? அட்டை வயலைப் பார்த்துக் கொடுக்கப்படுகிறது. வேலியோரக் கொடுக்காப்புளிக்கும் ஏரிக்கரைப் பனைக்கும் ஊர்ப் பயிர்க் கணக்கான அடங்கலில் ஏது பெயர்? 2021இல் வந்த தமிழகத்தின் முதல் வேளாண் பட்ஜெட், பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றது. மரத்துக்குக் காவல் கிடைத்தது. அதில் ஏறுகிறவருக்கு நிழலில் உட்கார ஓர் இடம் இன்னும் கிடைக்கவில்லை.

முந்திரிப்பழத்தின் கதை இதைவிட மோசம். செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் காடுகளில் கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் தாங்காத பழம்; அப்படியே தின்றால் தொண்டையைக் கரகரக்க வைக்கும். நறுக்கி உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மிளகாய்த் தூள் தூவினால் அதற்கு ஈடு கிடையாது. காட்டிலிருந்து சில மைல் தள்ளி இருக்கும் நகரத்துப் பிள்ளைகளில் பலர் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பறித்த அன்றே விற்க ஒரு திண்ணை இருந்தால் போதும்.

உழவர் சந்தையின் விதியை உடைக்க வேண்டியதில்லை, நான்கு மாதத்துக்குக் கொஞ்சம் தளர்த்தினால் போதும். பங்குனி முதல் ஆனி வரை ஒரு வரிசைக் கடையை நிலம் இல்லாத இந்த விற்பனையாளர்களுக்கு ஒதுக்கலாம். கிராம நிர்வாக அலுவலர் சான்றே போதும் என்று வைக்கலாம். நுங்குக்கும் கொடுக்காப்புளிக்கும் பலகையில் ஒரு வரி எழுதலாம். இருபத்தைந்து ஆண்டுக்கு முன் வெங்காயக்காரருக்கு ஒரு தராசும் ஒரு கரும்பலகையும் என்ன செய்தன என்று இந்த ஊர்களுக்குத் தெரியும். அதே கணக்கை மதிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கும் போட்டுப் பார்க்கலாம். அதுவரை, உள்ளே பலகை விலைக்கு வாங்குங்கள். வெளியே கூறு விலைக்குப் பேரம் பேசாமல் வாங்குங்கள்.