“60 வாட்ஸ் குடுங்க”ன்னு கேட்காதீங்க! பல்பு வாங்க லூமன்தான் கணக்கு

சென்னை–

“அண்ணே, 60 வாட்ஸ் பல்பு ஒண்ணு!”

பாரிமுனை எலக்ட்ரிக் கடைகளில் இப்படிக் கேட்பவர்கள் இன்றும் உண்டு. வாட்ஸ் என்பது பல்பு குடிக்கும் கரண்ட். கொடுக்கும் வெளிச்சத்துக்குப் பெயர் லூமன். இரண்டும் அட்டையிலேயே அச்சாகி இருக்கிறது. யார் படிக்கிறார்கள்?

60 வாட்ஸ் குண்டு பல்பு தருவது சுமார் 700 லூமன். குடித்த கரண்டில் பெரும்பகுதி சூடாகப் போய்விடும். அந்த வெளிச்சத்துக்கு 9 வாட்ஸ் எல்.இ.டி. தாராளம்.

தினம் 10 மணி நேரம் 6 குண்டு பல்பு எரியும் கடைக்கு மாதம் 108 யூனிட். எல்.இ.டி. போட்டால் 16 சொச்சம். மிச்சம் 92 யூனிட்!

வீட்டுக்குள் இதமாக இருக்க 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சம். கணக்கு எழுதும் மேஜைக்கு 4000 அல்லது 6500.

ஜவுளிக்கடைக்காரர்கள் மட்டும் உஷார்! சி.ஆர்.ஐ. என்ற எண் 90க்கு மேல் இருக்கட்டும். குறைந்தால் சிவப்பு செத்துப்போகும். மெரூன் என்று நினைத்து வாங்கிய புடவை வெயிலில் வேறு கலர் காட்டும். மறுநாள் அந்த அம்மா பில்லோடு வந்து நிற்பார்!

பிளாட்பாரத்தில் கூவி விற்கும் பல்பு? பி.ஐ.எஸ். முத்திரை, நட்சத்திர லேபிள், வாரண்டி மூன்றும் இருக்கிறதா பாருங்கள். இல்லாத சரக்கில் எல்.இ.டி. நன்றாகவே இருக்கும், உள்ளே இருக்கும் டிரைவர் சர்க்யூட் முதலில் மண்டையைப் போடும்.