பாஸ்வேர்டு கேட்காத கதவு

கட்டம் போட்ட அட்டவணை கிடையாது. பெயர், விலாசம், மூன்று போன் நம்பர் எல்லாம் ஒரே ஆவணமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். 2009-ல் வெளியான மாங்கோடிபியின் கவர்ச்சி இதுதான். 1995-ல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பிஎச்பியோடு ஜோடிப் பொருத்தம் பிரமாதம்: பிஎச்பியின் அரே அப்படியே ஆவணமாகிவிடும்.

வில்லங்கமும் அங்கேதான். படிவத்தில் பாஸ்வேர்டு என்ற பெயருக்குப் பின்னால் சதுர அடைப்புக்குறி சேர்த்து அனுப்பினால், பிஎச்பி அதையும் அரே ஆக்கிவிடுகிறது. அடைப்புக்குள் 'சமமல்ல' என்ற கட்டளைக் குறி இருந்தால்? 'பாஸ்வேர்டு இதுவாக இல்லாத ஆளைத் தேடு' என்று புரிந்துகொள்கிறது டேட்டாபேஸ். தேடலிலேயே பாஸ்வேர்டை ஒப்பிடும் தளம் என்றால், கதவு திறந்துவிடும். எஸ்க்யூஎல் இல்லையே, பயமெதற்கு என்றிருந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

மருந்து ரொம்பச் சின்னது. வந்த மதிப்பை, தேடலில் சேர்க்குமுன் ஸ்டிரிங்காக மாற்ற வேண்டும். ஒரே ஒரு சொல் வேலை.