முதுவேனில் நந்தவனம்

ஆனியும் ஆடியும் முதுவேனில் எனப்படும். வேனிலைப் பாலைத்திணைக்குரிய பொழுதாக வகுத்தனர் பண்டைத் தமிழர். ஆயினும், கிணறு வற்றாது நீர் பாயப்பெறும் ஒரு திருநந்தவனத்துள் அப்பருவத்தின் ஈற்றிற் புகுவார்க்குப் பாலையின் நினைவு சிறிதும் எழாது. கார்த்திகையிறுதியிற் கவாத்துச் செய்யப்பட்ட மல்லிகை, பங்குனி தொடங்கி நான்கு திங்கள் பூத்துப் பூத்து இப்போது மலர் அருகித் தழை பெருகி நிற்கும். செவ்வலரியோ வெயில் முதிருந்தோறும் கொத்துக்கொத்தாய் மலர்ந்து கிளை தாழும். வேனிற்றொடக்கத்திற் பழைய இலை உதிர்த்த வில்வம் புதுத்தழை மூடி நிழல்செய்யும். நந்தியாவட்டம் இருபுறமும் புதராகி நடைவழியை மறைக்கும். பந்தலிற் படரவிட்ட கொடி பந்தலைக் கடந்து மதிலின்மேலேறி மறுபுறம் தொங்கும். விடியலில் அங்கு நிற்பவன் உள்ளம் குளிராதிருத்தல் அரிது.

ஈண்டு ஓர் ஐயம் எழும். இறைவனுக்கென வளர்க்கப்பெற்ற பூவின் அழகை அடியவன் துய்த்தல் தகுமோ? முகர்ந்த மலர் பூசைக்கு ஆகாதென்பது விதி. வாடியதும், புழுக்கடித்ததும், மயிர் சிக்கியதும், நிலத்தில் வீழ்ந்ததும் அங்ஙனமே விலக்கப்படும். முகர்தல் குற்றமாயின், கண்டு மகிழ்தல் மட்டும் குற்றமன்றாமாறு யாங்ஙனம்?

இதற்கு விடை திருவாரூரில் நிகழ்ந்த வரலாறு ஒன்றிற் கிடக்கின்றது. கழற்சிங்கர் என்னும் பல்லவ வேந்தரின் தேவி, பூமண்டபத்தின் அயலில் வீழ்ந்துகிடந்த ஒரு மலரை எடுத்து மோந்தாள். அதுகண்ட செருத்துணையார் அவள் மூக்கை அரிந்தார். அங்கு வந்த வேந்தர், மலரை முதற்கண் எடுத்தது கையன்றோ எனக் கையைத் துணித்தார். இருவரும் நாயன்மார் வரிசையில் வைத்து எண்ணப்பெறுகின்றனர். இவ்வரலாறு இக்காலத்தார்க்குக் கொடிதாய்த் தோன்றும், அத்தோற்றம் இயல்பே. ஆயினும் ஈண்டு நோக்கற்பாலது வேறொன்று. ஒருவர் மூக்கைக் குற்றமுடையதெனக் கொண்டார். மற்றொருவர் கையை அதனினும் முன்னதாகிய குற்றமுடையதெனக் கொண்டார். அம்மலரை முதன்முதற் கண்டது கண்ணேயாகவும், அதனைக் குற்றஞ் சாட்டினார் இருவருள் ஒருவருமிலர்.

என்னையோவெனின், காணுதலால் மலர் காண்பவனுடையதாகிவிடுவதில்லை. ஆயிரவர் கண்டபின்னும் அது கொம்பில் இருந்தபடியே இருக்கும். கையால் எடுத்து மூக்கிற்கு அணித்தே கொண்டுசென்றவழியே 'இஃது எனக்கு' என்னும் எண்ணம் செயலாகின்றது. நாற்றம் மண்ணின் சிறப்புக்குணம் என்றும், அதனைப் பற்றுவது மூக்கு என்றும் தத்துவநூல் கூறும். காற்றுத் தானே கொணரும் மணம் நாடிப் பெற்றதன்று. ஆதலின் நந்தவனத்துள் நடப்பவன் மூச்சை அடக்கிக்கொண்டு நடக்கவேண்டும் என்று எந்நூலும் விதித்ததில்லை. குற்றம் மணத்தில் இல்லை, எடுத்தலில் உள்ளது.

புலிக்கால் முனிவர் வரலாறும் இதனோடு ஒருங்குவைத்து எண்ணத்தக்கது. வண்டு தீண்டுமுன் பூக்கொய்தல் வேண்டி, வழுக்காது மரமேறப் புலியின் காலும் நகமும், இருளிற் காணக் கண்ணும் தில்லைப்பெருமானிடம் வேண்டிப் பெற்றார் அவர். இன்பத்திற்கென வேண்டப்பட்ட உறுப்பு ஒன்றும் அவற்றுள் இல்லை. எனினும், வைகறையிருளில் ஒவ்வொரு பூவையும் அவரைப்போல உற்றுநோக்கியவர் யாவர்? துய்க்க வந்தவன் காணாத நுட்பமெல்லாம் தொண்டு செய்ய வந்தவன் காண்கின்றான். பழுதுற்றதை விலக்க வேண்டுதலின் இதழ்தோறும் அவன் பார்வை செல்லும்.

இனி, தழைத்தடர்ந்த தோட்டத்தைப்பற்றிச் சிறிது கூறல் வேண்டும். அடர்த்தி கண்ணுக்கு இனிது. கூடைக்கு அத்துணை இனிதன்று. தழை மிக்கவிடத்து வெயில் புகாது. வெயில் புகாதவிடத்து அரும்பு குறையும். புழுவும் சிலந்திவலையும் மிகும். புதருள் அரவம் உறைதலும் உண்டு. ஆதலின் பருவந்தோறும் கழித்தும் களைந்தும் வரல்வேண்டும். பசுமைச்செறிவில் மனம் பற்றிக் கவாத்தை ஒத்திவைப்பவன், தன் கண்ணின்பத்திற்காக இறைவன் மாலையைக் குறைத்தவனாகின்றான். பூவை முகராதிருத்தல் ஓரளவில் எளிது. தான் நட்டு நீரூற்றி வளர்த்த கொடியைத் தன் கையாலேயே அறுத்தல் எளிதன்று. சிவஞானசித்தியார் தாசமார்க்கத்துள் பூக்கொய்தலையும் மாலை தொடுத்தலையும் கூறியதோடமையாது நந்தவனம் வைத்தலையும் சேர்த்துரைத்தது கருதத்தக்கது. கொய்தல் ஒரு நாழிகைப் பணி. வளர்த்தல் ஆண்டு முழுதும் நீளும் பணி.

சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் நந்தவனப்புறம் என நிலம் விட்டதையும், அதனைப் பேணத் திருநந்தவனக்குடிகளை அமர்த்தியதையும் பேசுகின்றன. இன்றோ பல கோயில்களுக்குப் பூ கடையினின்றே வருகின்றது. அதனாற் பூசை தடைப்படவில்லை என்பது மெய்யே. ஆயின், பணம் கொடுத்து வாங்கிய பூவில் முன்கூறிய கட்டுப்பாட்டிற்கு இடம் யாது? எவர் தொட்டனர், எவர் மோந்தனர் என்பதை வாங்குபவர் அறியார்.

நீற்றறையில் இடப்பட்ட நாவுக்கரசர், வீணையொலியையும் மாலைமதியையும் தென்றலையும் இளவேனிலையும் வண்டறை பொய்கையையும் எடுத்து இறைவன் திருவடிநிழலுக்கு உவமை கூறினார். ஐம்புலவின்பத்தை வெறுத்தவர் அவற்றை உவமையாக்கிய காரணம் பலர் வினவுவதே. அவ்வின்பங்களை அவர் இகழ்ந்திலர். அவை எதனைக் காட்டி நிற்கின்றனவோ அதனைக் கண்டார். வெளியே சுண்ணாம்புக் காளவாயின் வெப்பம், உள்ளே பொய்கை.

திருப்புகலூர் முருகனார் கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என்பனவற்றை வேறுவேறு கூடைகளில் திருவைந்தெழுத்தை ஓதியவாறே கொய்துவந்து கோவையும் இண்டையும் கண்ணியுமாகத் தொடுத்தார். அம்முறையில் இன்றும் ஒருவர் நீராடி ஞாயிறு தோன்றுமுன் முதுவேனில் நந்தவனத்துள் இறங்குவாராயின், அலரியிற் கூடை விரைவில் நிறையும். மல்லிகைக்குத் தழைவிலக்கித் தேடவேண்டும். ஆவணி பிறந்தபின் பவளமல்லி உதிரத் தொடங்கும். அது தானே உதிரும் பூவாதலின், நிலத்திற் படாமைப்பொருட்டு இரவே மரத்தடியில் தூய வெண்துகில் விரித்துவைத்தல் வேண்டும்.